எண்பதுக்கு மேல் வேண்டாம்

கே.கே. நகரில் அந்த மாடி வீட்டில் மதுரைவீரனும் அவருடைய மருமகன் வளவனும் இரண்டு வருடம் சேர்ந்து இருந்தார்கள். தான்தான் மற்றவருக்கு உபகாரம் செய்துகொண்டிருக்கிறோம் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

மனைவி செத்துத் தனியாகக் கிடந்த மனுஷருக்குத் துணையாகச் சென்னைக் குடித்தனத்தைக் கலைத்துவிட்டு இந்த ஊருக்கு வந்தோம் என்பது வளவனின் எண்ணம். வாடகை வீட்டில் மூச்சுமுட்டக் கிடந்தவர்களுக்கு மாடியை ஒழித்துக் கொடுத்தோம் என்பது மதுரைவீரனின் எண்ணம். நடுவில் தேவதர்ஷினி. இவருக்கு ஒரே மகள், அவனுக்கு மனைவி. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர்.

மாமனாரும் மருமகனும் மரியாதையை மட்டும் விடவில்லை. "வாங்க மாப்ள" என்பார் இவர். "சொல்லுங்க மாமா" என்பான் அவன். அந்த 'ங்க'வைக் கேட்பதற்கு நாலு கெட்ட வார்த்தை கேட்கலாம் என்று தேவதர்ஷினிக்குத் தோன்றும்.

வளவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்காவில் மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வார்கள். அதைக் கம்ப்யூட்டர் எழுதித் தரும். இவன் ஒலியைக் கேட்டு, எழுத்தில் இருக்கும் பிழைகளைத் திருத்த வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது மணி நேரம். ஆபீசில் கொடுத்த ஒயர் ஹெட்போனை ஒரு மணி நேரம் மாட்டினால் காதுமடல் வலி எடுத்துவிடும் என்று, பொங்கலை ஒட்டி ஒயர் இல்லாத ஹெட்போன் ஒன்று வாங்கினான். கருப்பு நிறம். காதை முழுசாக மூடிக்கொள்ளும். மாட்டினால் தெருச் சத்தம், மிக்ஸி சத்தம், மாமனார் சத்தம் எதுவும் உள்ளே வராது.

அதை அவன் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தான். செல்போனின் வேக சார்ஜரில் செருக மாட்டான். லேப்டாப்பில்தான் செருகுவான். இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்க விடமாட்டான். எண்பதைத் தொட்டதும் கழட்டிவிடுவான். வேலை முடிந்ததும் அணைத்து, வெயில் படாத அலமாரியில் வைப்பான்.

"லித்தியம் பேட்டரி காலியா கிடந்தாலும் கெடும், முட்ட முட்ட நெறஞ்சே கிடந்தாலும் கெடும். எல்லாத்தையும் விட பெரிய எதிரி சூடு," என்று மனைவிக்கு விளக்கினான். "ஒழுங்கா வச்சுக்கிட்டா அஞ்சாறு வருஷம் ஓடும்."

மதுரைவீரனுக்கும் பேட்டரி தெரியும். முப்பத்து மூன்று வருடம் தொலைபேசி நிலையத்தின் பேட்டரி அறையில் வேலை பார்த்தவர். ஆள் உயரத் தாங்கியில் இருபத்து நாலு செல்கள். ஊருக்கே கரண்ட் போனாலும் போன் அடிக்க வேண்டும். அவர் பொறுப்பில் இருந்தவரை ஒரு நாளும் அடிக்காமல் போனதில்லை. ஆசிட் பேட்டரியைக் குறையவே விடக்கூடாது, எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். அது அவர் கற்ற பாடம். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது மாடிப்படிக்கு அடியில் இருந்த வீட்டு இன்வெர்ட்டர் ஒன்றுதான். அதன் பெரிய பேட்டரிக்கு மாதம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். வேறு யாரும் தொடக்கூடாது.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை வளவன் அலமாரியைத் திறந்தபோது ஹெட்போன் இல்லை. வீடெல்லாம் தேடிவிட்டுக் கீழே வந்தான். இன்வெர்ட்டரின் மேல், பக்கத்து ப்ளக்கில் வேக சார்ஜரோடு அது கிடந்தது. இன்வெர்ட்டரின் மேல்தகடு எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். எடுத்தால் ஹெட்போன் கையைச் சுட்டது.

"மாமா, இத யாரு இங்க வச்சது?"

"நான்தான் வச்சேன். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், எழுபதுலயும் எண்பதுலயும் கழட்டிக் கழட்டி எடுக்குறீங்க. பேட்டரிய அரை வயித்தோட விடக்கூடாது மாப்ள. தகட்டுல வெள்ளை பூத்துரும்."

"இதுல தகடும் இல்ல, ஆசிட்டும் இல்ல. இது லித்தியம். எண்பது போதும்."

"எண்பது போதும்னா செஞ்சவன் எண்பதுலயே நிறுத்தியிருப்பான்ல? நூறு எதுக்கு?"

"அவசரத்துக்கு நூறு போடலாம். நூறுலயே விடிய விடிய கிடந்து வேகக் கூடாது. உங்களுக்குத் தெரியாத விஷயம் மாமா. கை வைக்காதீங்க."

மதுரைவீரன் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார். "எனக்குத் தெரியாத விஷயம்," என்றார். மறுபடியும் ஒருமுறை அதையே சொன்னார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே வளவன் ஒரு தாளில் பெரிய எழுத்தில் 'எண்பதுக்கு மேல் வேண்டாம்' என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினான். மறுநாள் அதற்குக் கீழே நீல பால்பாயின்ட் பேனாவில், அரசாங்க ரிஜிஸ்டரில் எழுதுகிற அழகான கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது: 'அரைச்சோறு போடுகிறவன் மாடு வளர்க்கக் கூடாது.'

அலமாரியைப் பூட்டுகிறேன் என்றான் வளவன்.

"எங்கப்பா வீட்டுல எங்கப்பாவுக்கே பூட்டா?" என்றாள் தேவதர்ஷினி. பூட்டவில்லை.

பங்குனி, சித்திரை, வைகாசி. வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிய மாதங்கள். வாரத்துக்கு இரண்டு நாளாவது ஹெட்போன் இன்வெர்ட்டரின் மேல் கிடந்தது. வளவன் எடுத்து வந்து அலமாரியில் வைப்பான். யாரிடமும் கேட்கமாட்டான். ஆனால் படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் முணுமுணுப்பான். "கெழத்துக்குக் கொழுப்பு." "ஊருக்கே கரண்டு குடுத்த ஜமீன்தார்." நாள் ஆக ஆக வார்த்தைகள் மோசமாயின. மாமனார் திரும்பியே பார்க்கமாட்டார். சில நேரம் அவரைக் காரியமாகக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். திமிர் என்று அவன் நினைத்தான். அவரும் இவனைப் பற்றி அப்படித்தான் நினைத்தார். எப்போது பார்த்தாலும் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறு என்ன பெயர்?

வாங்கியபோது ஒரு சார்ஜில் முப்பது மணி நேரம் ஓடிய ஹெட்போன், ஆனி மாதத்தில் ஏழு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நாற்பது சதவீதம் காட்டும், அடுத்த நிமிடம் பத்து காட்டும்.

ஒரு வியாழக்கிழமை இரவு வேலையை முடிக்கும் அவசரத்தில் இருந்தான். பதிவில் மருத்துவர், நோயாளிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சரியாக அந்த 'இல்லை'யின்மேல், பேட்டரி குறைந்துவிட்டது என்ற அறிவிப்பு காதுக்குள் ஒலித்தது. கம்ப்யூட்டரும் அந்த வார்த்தையை விட்டிருந்தது. இவன் திரும்பக் கேட்காமல் அனுப்பிவிட்டான். ஒத்துக்கொள்ளாது என்றே போய்விட்டது. அடுத்த கட்டப் பரிசோதனையில் பிடித்தார்கள். மறுநாள் வீடியோவில் வந்த மேலதிகாரி சத்தம்கூடப் போடவில்லை.

"பத்து வருஷ அனுபவம் வளவன் உங்களுக்கு. இது எழுத்துப்பிழை இல்ல. இன்னொரு தடவ நடந்தா நான் பேச வேண்டியது உங்ககிட்ட இல்ல, மேலிடத்துல." திரை அணைந்தது.

சனிக்கிழமை காலை வளவன் ஹெட்போனை எடுத்துக்கொண்டு மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள சந்து ஒன்றுக்குப் போனான். அங்கே ஜெகபர் சாதிக் என்பவர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. அவர் முதலில் ஹெட்போனைப் போட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்து உடனே கழட்டினார். பிறகு இடது காது மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். பேட்டரி குட்டித் தலையணை மாதிரி உப்பியிருந்தது.

"வெயில்ல வச்சீங்களா? இல்ல, சூடா எது மேலயாவது?"

"இன்வெர்ட்டர் மேல."

"அதான் வெந்துருக்கு. நல்லவேளை கொண்டாந்தீங்க, இதுக்கு மேல விட்டிருந்தா ஆபத்து. வேற பேட்டரி போட்டுத் தர்றேன். இன்னொண்ணு சார். சவுண்ட முழுசா வச்சுக் கேக்காதீங்க. சார்ஜும் சீக்கிரம் எறங்கும், காதும் போயிரும்."

"நான் பாதிக்கு மேல வைக்கிறதே இல்லயே."

"கடைசியா போட்டவங்க முழுசா வச்சுத்தான் கேட்டிருக்காங்க. மாட்டுன உடனே என் மண்டையில இறங்குச்சே."

வளவன் அங்கேயே நின்று தன் செல்போனில் ஹெட்போனுக்கான செயலியைத் திறந்தான். எந்தெந்தக் கருவிகளோடு அது இணைந்திருக்கிறது என்ற பட்டியல் இருந்தது. முதலில் அவன் லேப்டாப். அடுத்து அவன் போன். மூன்றாவதாக 'Maduraiveeran' என்று இருந்தது.

சந்தில் ஆள் நெரிசலுக்கு நடுவே அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கெடுப்பதோடு நிற்காமல் பயன்படுத்தவும் செய்கிறார். அவனுக்குக் கோபத்தோடு ஒருவித சந்தோஷமும் வந்தது. இந்த முறை கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

வார நாட்களில் காலையில் தேவதர்ஷினியைப் பைக்கில் ஸ்ரீரங்கம் வரை கொண்டுவிட்டு அவன் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். திங்கட்கிழமை சத்திரம் பேருந்து நிலையத்திலேயே பைக்கை நிறுத்தினான்.

"இன்னிக்கு இங்கேருந்து பஸ்ல போயிக்க. வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன வேலை என்று கேட்கவில்லை.

வீட்டு வாசலிலேயே பைக்கை அணைத்துத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினான். மாடிப்படி ஏறி அறைக்கதவை நெருங்கியதும் ஒரு பெண் குரல் கேட்டது. லால்குடியில் இருக்கும் ஆனந்தவள்ளியின் குரல். மதுரைவீரனின் தங்கை.

"...ஏண்ணே, அந்தக் கோழி திரும்பி வந்துருச்சுண்ணே! கொழம்பு வச்சு நாங்க சாப்புட்டது யாரு வீட்டுக் கோழின்னே தெரியல!"

அறையில் அவனுடைய நாற்காலியில், அவனுடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு மதுரைவீரன் உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து வளவன் பார்த்ததில்லை. காதை முழுசாக மூடிய ஹெட்போனுக்கு உள்ளே பேசுகிற குரல் கதவுக்கு வெளியே நிற்பவனுக்குக் கேட்கிறது என்றால் சத்தம் எவ்வளவு என்பதும் அவனுக்குப் புரிந்தது.

அவனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அப்புறம் பேசுறேன் வள்ளி," என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கழட்டினார்.

"நல்லாருக்கா மாமா?"

"தங்கச்சிகிட்டப் பேசுனேன். அதுக்கென்ன இப்ப?"

"எடுக்கலாமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"என் வீட்டுல இருக்குற பொருள எடுக்க யாரக் கேக்கணும்?"

"உங்க வீட்டுல இருக்கு. உங்க பொருள் இல்ல. போன்லயே பேச வேண்டியதுதான? ஏன் பேசல? கேக்கல, அதான? உங்களுக்குக் காது கேக்கல மாமா."

மதுரைவீரன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "யாருக்குக் கேக்கல? முப்பத்து மூணு வருஷம் போன் ஆபீசுல இருந்தவனுக்கா? வாய்க்குள்ளயே மொணமொணன்னு பேசுனா எவனுக்கும் கேக்காது மாப்ள. வாயத் தொறந்து ஆம்பள மாதிரி பேசுங்க, கேக்கும்."

ஹெட்போனை மேசையில் வைக்காமல் கட்டிலில் எறிந்துவிட்டுக் கீழே இறங்கினார்.

அந்தப் பேச்சை வளவனால் விழுங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை காத்திருந்தான்.

அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. மதுரைவீரன் வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தேவதர்ஷினி தயிர்ப் பாத்திரத்தோடு அவருக்கு எதிரே வந்தாள். வளவன் எழுந்து கைகழுவிவிட்டு வந்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் நாலு அடி தள்ளி நின்றான். மனைவியைப் பார்த்து, பேசாதே என்று விரலை உதட்டில் வைத்தான். பிறகு சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னான்.

"மாமா, ரசம் ஊத்தட்டுமா?"

அவர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வாசல்ல ஆள் வந்துருக்கு."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"மாமா, வீடு தீப்பிடிச்சு எரியுது."

"நிறுத்துங்க!" என்றாள் தேவதர்ஷினி.

அந்தச் சத்தத்துக்கு மதுரைவீரன் தலையைத் தூக்கினார். மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கண் தனக்குப் பின்னால் எங்கோ நிலைத்திருப்பதைப் பார்த்துத் திரும்பினார். மருமகன் மார்பில் கை கட்டி நின்றுகொண்டிருந்தான். என்ன நடந்தது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்து, பாதிச் சோறு இருந்த தட்டிலேயே கையைக் கழுவினார்.

"சோத்துல உக்கார வச்சு சோதனை பண்ணிட்டீங்க மாப்ள," என்றார். "ரொம்ப சந்தோஷம்."

அதற்குப் பிறகு பத்து நாள் வீட்டில் மூன்று பேரும் மூன்று வேளையில் சாப்பிட்டார்கள்.

தேவதர்ஷினி அரை நாள் விடுப்பு எடுத்து, அப்பாவோடு மல்லுக்கட்டி, காது மருத்துவரிடம் கூட்டிப்போனாள். இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார் மருத்துவர். பேட்டரி அறைக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிய வருடங்களை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். காது மெஷின் மாட்டுவது என்று முடிவானது.

மெஷின் வாங்கப் போன அன்றைக்கு வளவனும் வர வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். சார்ஜ் போடுவதைப் பற்றி அவன் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், அப்படியாவது இரண்டு பேரும் ஒரு விஷயத்தைச் சேர்ந்து செய்யட்டும் என்று நினைத்தாள். அங்கே டெல்பின் என்ற பெண் மெஷினைக் காதில் பொருத்திவிட்டு ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள்.

"தூங்கப் போறப்ப கழட்டி இந்தப் பொட்டியில வச்சுருங்க ஐயா. காலையில எடுத்து மாட்டிக்கங்க. அவ்வளவுதான்."

"எண்பது சதவீதத்துல நிறுத்துற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று வளவன் கேட்டான்.

"இதுக்கு அது வேண்டாம் சார். நாள் பூரா ஓடணும்ல. நெறஞ்சதும் பொட்டியே நிறுத்திக்கும். தினம் முழுசா போடுறதுதான் நல்லது. வெயில்லயோ சூடான எடத்துலயோ வைக்காதீங்க, ஈரம் படாம பாத்துக்கங்க, போதும்."

மதுரைவீரன் பல நாளுக்குப் பிறகு மருமகனை நேருக்கு நேர் பார்த்தார். "கேட்டீங்களா மாப்ள? முழுசா போடணுமாம்."

"சூடான எடத்துல வைக்கக் கூடாதுன்னும் சொன்னாங்க மாமா. அதையும் கேட்டீங்கல்ல?"

டெல்பின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தேவதர்ஷினி ரசீதை வாங்கிக்கொண்டு முதலில் வெளியே போய்விட்டாள்.

மெஷின் மாட்டிய முதல் வாரம் மதுரைவீரனுக்குத் தலைவலியாகவே இருந்தது. மின்விசிறி கடகடத்தது. குழாய் சொட்டியது. எதிர்வீட்டு நாய் செத்துப்போய் ஒரு வருடம் ஆயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது தினமும் குரைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மகள் சமையல்கட்டில் வேலை செய்யும்போது தனக்குத்தானே பாடுவாள் என்பதை அவர் மறந்தே போயிருந்தார். கதவோரம் நின்று அதைக் கேட்டார்.

மெஷின் வைக்கும் பெட்டியை அவர் இன்வெர்ட்டரின் மேலேயே வைத்தார். வேறு இடமா இல்லை? மருமகன் சொன்னதற்காக அதை மாற்ற அவருக்கு மனமில்லை.

அடுத்த புதன்கிழமை பகல் பதினொன்றரை மணி. அவர் படிக்கு அடியில் குனிந்து பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தார். வளவன் குளித்துவிட்டு மாடிக்குப் போக வந்தான். பெட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தான். அவர் முதுகைப் பார்த்தான். பழக்கம் நாக்கில் இருந்தது. மெஷின் நினைவுக்கு வரவில்லை.

"கெழம் எப்பத்தான் போய்ச் சேருமோ," என்று சொல்லிக்கொண்டே படியில் கால் வைத்தான்.

தண்ணீர் ஊற்றுவது நின்றது. மதுரைவீரன் திரும்பாமல் மூடியைத் திருகி இறுக்கினார். கையைத் துண்டில் துடைத்தார்.

"மாப்ள."

வளவன் நின்றான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்ன சொன்னேன்? நான் ஒண்ணும் சொல்லலயே மாமா."

"'கெழம் எப்பத்தான் போய்ச் சேருமோ'ன்னு சொன்னீங்க. 'போய்ச் சேருமோ'ன்னப்ப மொதப் படியில கால் வச்சீங்க." இப்போது நிமிர்ந்து திரும்பினார். "இது இன்னிக்குப் புதுசா சொன்னதா, இல்ல எனக்குத்தான் இன்னிக்குப் புதுசா கேட்டுச்சா?"

வளவன் மேலே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தான். ஒரு வரியைத் திருத்த மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.

தேவதர்ஷினி ஐந்தரைக்கு வந்தாள். செருப்பைக் கழட்டுவதற்குள் அப்பா சொல்லிவிட்டார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் மாடி ஏறினாள். வளவன் அவளைப் பார்த்து ஹெட்போனைக் கழட்டினான்.

"அப்பா சொன்னது நெசமா?"

"கோவத்துல ஒரு வார்த்த வந்துருச்சு தர்ஷினி. அவருக்குக் கேக்கும்னு நெனக்கல."

"அவருக்குக் கேக்காதுங்க. எனக்குக் கேக்கும்." அவள் குரல் உயரவே இல்லை. "இந்த நாலஞ்சு மாசமா படியில ஏறுறப்ப, எறங்குறப்ப நீங்க சொன்னது அத்தனையும் எனக்குக் கேட்டுச்சு. சமையல்கட்டு அந்தப் படிக்கு அந்தப் பக்கம்தான இருக்கு?"

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா சண்டை வரும். சண்டை வந்தா அப்பாவும் பொறுத்துக்க மாட்டாரு. அதனால கேக்கல. அவருக்குக் காது செவிடுன்னு எனக்கும் தெரியல. பெருந்தன்மையா விட்டுட்டாருன்னு நெனச்சேன்."

வளவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

கீழே மதுரைவீரன் காத்திருந்தார். "கேட்டியாம்மா? இப்படிப்பட்டவன இந்த வீட்டுல எப்புடி—"

"நீங்களும் நிறுத்துங்கப்பா. நான் ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லுங்க." அவள் இன்வெர்ட்டரைக் காட்டினாள். "நான் சின்னப் பிள்ளையா இருக்கப்ப உங்க ஆபீசுக்குச் சோறு கொண்டாருவேன். பேட்டரி ரூம்ல காத்தாடி ஒண்ணு நின்னுபோனாலும் சூப்பர்வைசர்கிட்டயே சத்தம் போடுவீங்க. சூடு ஏறுனா பேட்டரி ஆயுசு பாதியாயிரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். ஆசிட்டோ லித்தியமோ, சூடு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான அது மேல கொண்டுபோயி வச்சீங்க?"

மதுரைவீரன் துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"மொத நாளு யோசிக்காம வச்சேன்," என்றார். "ப்ளக் அங்கதான் இருந்துச்சு. 'உங்களுக்குத் தெரியாத விஷயம்'னு சொன்னான் பாரு, அதுக்கப்புறம் வச்சதெல்லாம் தெரிஞ்சேதான் வச்சேன்."

"அவருக்கு அதுலதான்பா வேலையே. அந்த வேலை போயிருக்கும்."

"அது எனக்குத் தெரியாது."

"நீங்க கேக்கவும் இல்ல."

மாடியில் கதவு திறந்திருந்தது. வளவன் படியின் தலைப்பில் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தான். இறங்கி வரவில்லை. அவருடைய வாயிலிருந்தே அது வந்துவிட்டது. ஆனால் அவன் எதிர்பார்த்த மாதிரி அது இனிக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு மாடிப் பகுதி வாடகைக்கு இருப்பதாக உடன் வேலை பார்க்கும் டீச்சர் சொல்லியிருந்தார். தேவதர்ஷினி அடுத்த நாளே போய்ப் பார்த்து, பேசி முடித்துவிட்டு வந்தாள். இருவரிடமும் தகவலாகத்தான் சொன்னாள், யோசனை கேட்கவில்லை. ஆடி மாதம் குடிபோகக் கூடாது என்று மீதி இருந்த பதினேழு நாளும் அந்த வீட்டிலேயே கழிந்தது. அந்தப் பதினேழு நாளும் ஹெட்போனை யாரும் தொடவில்லை. படியில் யாரும் முணுமுணுக்கவில்லை. நிசப்தமான வீடு எப்படி இருக்கும் என்பதை மதுரைவீரன் மெஷின் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆவணி முதல் வளர்பிறையில் சாமான் வண்டி வந்தது. கட்டில், பீரோ, மேசை எல்லாம் ஏறிய பிறகு தேவதர்ஷினி அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"போயிட்டு வரேன்ப்பா. ஞாயித்துக்கிழமை வந்துருவேன். மாத்திரை டப்பால தேதி போட்டு வச்சிருக்கேன்."

"போயிட்டு வாம்மா."

வளவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போறேன் மாமா," என்றான். வரேன் என்ற வார்த்தையை அவன் சேர்க்கவில்லை. தேவதர்ஷினி சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, போங்க," என்றார் மதுரைவீரன். வாங்க என்ற வார்த்தையை அவரும் சேர்க்கவில்லை.

ஞாயிறுதோறும் அவள் மட்டும் பஸ் ஏறி கே.கே. நகர் போய்வந்தாள். தீபாவளிக்கும் அப்படித்தான். காலையில் புருஷனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, பலகாரம் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய், சாயங்காலம் திரும்பினாள். வளவன் அவளிடம் எதையும் விசாரிக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. 'அப்பா' என்று திரையில் வந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. ஏதாவது அவசரமோ என்று வளவன் எடுத்தான்.

"ஹலோ."

அந்தப் பக்கம் எதிர்வீட்டு நாய் குரைப்பது மட்டும் கேட்டது.

"தர்ஷினி இல்லையா?"

"குளிக்கிறா."

"அவசரம் ஒண்ணும் இல்ல. வந்ததும் பேசச் சொல்லுங்க."

"சரி."

போனை வைத்தான். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மனைவியிடம், "உங்கப்பா கூப்பிட்டாரு," என்றான்.

அவள் கை நின்றது. "என்ன சொன்னாரு?"

"உன்னையப் பேசச் சொன்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"நீங்க ஏதும் சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனாள். வளவன் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தான்.